வட்டத்துக்குள் ஒரு கோடு

அத்தியாயம் 6

குற்றவாளி நிருஷன்தான் என்று காலை ஒன்பது மணிக்கே நான் முடிவு கட்டிவிட்டேன். காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். போன வருடம் மூன்று கிரிக்கெற் ஆட்டங்களில் அவன் பந்துக்கு நான் பூச்சியத்தில் ஆட்டமிழந்தேன். மூன்று தடவையும் நடு விக்கெற்றைச் சாய்த்தான். மூன்றாம் தடவை என் தோளில் தட்டி, "பரவாயில்லை மச்சான்" என்று வேறு சொன்னான்.

"அக்கா, ஆள் அவன்தான். எழுதி வையுங்கோ."

"எதை வச்சுச் சொல்லுறாய்?"

"முகத்தை வச்சு."

"அவன்ர முகத்தையோ, உன்ர முகத்தையோ?"

ஜெயரூபி அக்காவிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான். இருபது வருடம் காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் விபத்துக்குள்ளான வாகனங்களைப் பார்த்து, எந்த உரிமையாளர் பொய் சொல்கிறார் என்று எழுதிக் கொடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, கிளிநொச்சியில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து இரண்டு வருடமாகிறது. நான் கிருசாந்தன். அவருடைய ஓட்டோவை ஓட்டுபவன், உதவியாளன், முறிகண்டிக் கச்சான் கடலை தீரத் தீர வாங்கிக் கொடுப்பவன். வழக்கு வென்றால் சனம் அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொல்லும். என்னிடம் ஓட்டோவுக்கு எவ்வளவு என்று கேட்கும்.

நாங்கள் நின்றது பொலிஸ் நிலையத்தின் பின்வளவில். வேப்பமரத்தின் கீழே ஒரு நீல நிற வான் இடப்பக்க முகம் நசுங்கி நின்றது. கருவாட்டு நாற்றம் பத்தடிக்கு அப்பாலேயே வந்து வரவேற்றது.

வானின் சொந்தக்காரர் முல்லைத்தீவுக் கருவாட்டு வியாபாரி கச்சு முகம்மது. திங்கட்கிழமை பின்னேரம், இரணைமடுச் சந்தியில் உள்ள நிருஷனின் கராஜில் பிறேக்கும் றேடியேற்றரும் திருத்திக்கொண்டு புறப்பட்டார். வாய்க்கால் றோட்டில் ஒரு மதகு வளைவில் பெடலை மிதித்தார். பெடல் தரை வரைக்கும் போனது, வான் நிற்கவில்லை. மதகுச் சுவரில் மோதி அவருடைய இடக்கை முறிந்தது. இன்னும் இரண்டடி போயிருந்தால் வாய்க்காலுக்குள் வானோடு போயிருப்பார். பிறேக் குழாய்க்குள் காற்று நிறைந்திருந்ததைப் பொலிஸார் கண்டார்கள்.

மறுநாள் காலை நிருஷன் ஒரு முறைப்பாடு கொடுத்தான். திங்கள் மத்தியானம் கராஜில் ஆளில்லாத நேரம் பார்த்து, றோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் சாருஜன் வந்து பிறேக்கைக் குழப்பிவிட்டான் என்றான். ஊர் உடனே நம்பியது. இருவரும் ஒன்றாகத் தொழில் செய்து ஆறு மாதத்துக்கு முன் பிரிந்தவர்கள். பிரிந்த பிறகு நிருஷனின் கராஜில் வாகனம் வரிசையில் நின்றது, சாருஜனின் கராஜில் நாய் படுத்திருந்தது. பொறாமைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? சாருஜனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். இன்று புதன். பின்னேரம் நாலு மணிக்குக் கச்சு முகம்மது முறைப்பாட்டில் கையெழுத்து வைத்ததும், கொலை முயற்சி என்று சாருஜனை நீதவானிடம் கொண்டுபோவார்கள்.

எங்களிடம் வந்தது சாருஜனின் ஆட்கள் அல்ல. நேற்றுப் பின்னேரம் பேக்கரி மாடிப்படி ஏறி வந்தவள் நிருஷனின் மனைவி வினோஜா. நகத்துக்குள் கிறீஸ் கறுப்பு, கண்ணில் நித்திரை இல்லை.

"அந்தப் பிறேக்குக் குழாயில காத்து நிக்காம எயார் எடுத்தது நான்," என்றாள். "என்ர கையால. ஒரு குமிழி இல்லாமப் பாத்துத்தான் மூடினனான். சாருஜன் அண்ணை பேந்து வந்து கை வச்சிருந்தா, அவர் உள்ள போகட்டும். வைக்கேல்லை எண்டா என்ர கை பிழை. பேந்து இந்தக் கையால நான் ஒருத்தற்ற வாகனமும் தொடமாட்டன். ரெண்டில எது எண்டு எனக்குச் சொல்லுங்கோ அக்கா."

அக்கா முற்பணம் கேட்கவில்லை. அதிலிருந்தே இவளை அவருக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் எரிந்தது. என்னை வேலைக்குச் சேர்க்கும்போது மூன்று மாதம் சோதித்தவர் அவர்.

"வானில ஏறி ஸ்ராட் பண்ணு," என்றார் இப்போது.

ஏறினேன். எஞ்சின் பிடித்தது. அக்கா றேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்தபடியே நின்றார். பத்து நிமிடம் கழிந்தது. கச்சான் கோது நிலத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒரு குமிழி வரேல்லை, றேடியேற்றருக்குள்ள காத்து இல்லை. உள்ளுக்கை ஹீற்றர் குமிழ் எந்தப் பக்கம் கிடக்கு?"

"முழுச் சூட்டுப் பக்கம். கிளிநொச்சி வெயிலுக்கு ஹீற்றர் போட்டு ஓடுற விசரன் ஆரக்கா?"

"விசிறி?"

"நிப்பாட்டிக் கிடக்கு."

அக்கா சிரித்தார். "றேடியேற்றரும் வினோஜா செய்த வேலைதான். கெட்டிக்காரி. ஹீற்றரைத் திறந்து விடாட்டி, அந்தக் குழாய்க்குள்ள காத்து ஒளிஞ்சு நிக்கும். பேந்து வழியில எஞ்சின் கொதிக்கும். கன பேர் இதை மறப்பினம். இவள் குமிழைத் திறந்து விட்டிட்டு, ஓடுற ஆளுக்குச் சூடு வராம விசிறியை நிப்பாட்டியிருக்கிறாள். இவ்வளவு பாத்தவள் பிறேக்கில காத்தை விட்டிட்டுப் போவாளோ? ஒரே நாள், ஒரே வான். ஒண்டு தங்கம், மற்றது துரு. கிருசாந்தன், இதில ரெண்டு கை பட்டிருக்கு."

"ரெண்டாவது கை நிருஷன்ர கை."

"பொறாமைக் கண்ணால பாக்காத. சீற்றைப் பார்."

ஓட்டுநர் சீற்றின் முன்விளிம்பில், றெக்சின் மேல், பத்து ரூபாய் நாணயக் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் ஒன்று அழுந்திப் பதிந்திருந்தது. வட்டத்தின் குறுக்கே, சரி நடுவில், ஒரு கோடு. பிறேக் பெடலின் இறப்பரில் ஒரு கூரான பொருள் குத்திச் சறுக்கிய காயம் இருந்தது.

"ஸ்குரூ ஆணித் தலை மாதிரிக் கிடக்கு," என்றேன்.

"இவ்வளவு பெரிய ஸ்குரூ ஆணி எங்க விக்கிறவை?"

"இரணைமடுக் குளத்துக் கதவில இருந்து கழட்டியிருப்பாங்கள்."

அக்கா அளவுநாடாவை எடுத்தார். பெடலிலிருந்து அந்த வட்டம் வரைக்கும் இரண்டேகால் அடி. சீற்றைப் பின்னால் தள்ளிப் பார்க்கச் சொன்னார். நான் முழுப் பலத்தையும் போட்டுத் தள்ளினேன், அசையவில்லை. கருவாட்டு உப்பு பட்டு, சீற்றின் அடித் தண்டவாளம் இறுகிப் போயிருந்தது.

பிறேக்கில் எயார் எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் சீற்றில் இருந்து பெடலை அமத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் சில்லடியில், சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, நிப்பிள் என்கிற சின்னத் திருகாணியைத் திறந்து, காற்றும் ஒயிலுமாய் வருவதை வெளியே விட்டு, திரும்ப மூட வேண்டும். மூடும் வரைக்கும் பெடலில் இருந்து காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் வந்த வழியே காற்று உள்ளே திரும்பிப் போகும். "அமத்து, பிடி, விடு" என்று ஒருவர் சொல்ல மற்றவர் செய்வதை எந்தக் கராஜ் வாசலிலும் கேட்கலாம்.

"ஆரோ தனிய நிண்டு இந்த வேலையைச் செய்திருக்கினம்," என்றார் அக்கா. "காலுக்குப் பதிலா, பெடலுக்கும் சீற்றுக்கும் நடுவில ஒரு தடியை இறுக்கியிருக்கினம். அந்தச் சந்தியில தனிய வேலை செய்யிறது ஆர்?"

எனக்கு முகம் தொங்கிப்போனது. "சாருஜன்."

நிலையத்தின் முன்விறாந்தையில், கையில் மாக்கட்டோடு வாங்கில் இருந்தார் கச்சு முகம்மது. அறுபது வயதிருக்கும். வலியிலும் கதை குறையாத மனிதர்.

"நானா, அண்டைக்குப் போறதுக்கு அவசரமோ உங்களுக்கு?" என்று கேட்டார் அக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவது.

"என்ன அவசரம் புள்ள? கருவாடு ஓடியா போகப்போகுது? நான் வினோஜாப் புள்ள வரட்டும் எண்டுதான் இருந்த. எலுமிச்சங்காய் வைக்காம ஒரு நாளும் வான எடுத்ததில்ல."

"அது என்ன எலுமிச்சங்காய்?"

"வேல முடிஞ்ச உடனே அந்தப் புள்ள பத்தடி தள்ளி நிலத்தில ஒரு எலுமிச்சங்காய் வைக்கும். நாங்க வேகமா வந்து பிறேக் அடிக்கணும். காய் நசுங்காம முன்னுக்கு நிண்டாத்தான் வான் வீட்ட போகும். நசுங்கினாத் திரும்ப வேல. அந்தக் காய எங்களிட்டையே தரும், நாங்க பிழிஞ்சு குடிப்பம்." அவர் முகம் வாடியது. "அண்டைக்குப் புள்ள கிளிநொச்சிக்குச் சாமான் வாங்கப் போயிட்டுது. நிருஷன் தம்பிதான், 'அது தேவையில்லை நானா, எல்லாம் சரி, கொண்டு போங்கோ' எண்டு சாவியத் தந்தவர்."

அக்கா கச்சான் உடைப்பதை நிறுத்தினார். "காலையில நீங்கள் வானை விடேக்க என்ன கதைச்சனீங்கள்?"

"என்னத்த? பகிடிதான். நிருஷன் தம்பி 'நான் பாக்கிறன்' எண்டு ஸ்பனர எடுத்தார். நான் சொன்ன, 'புள்ள கை வச்சாத்தான் சரி. நீ பெடலில காலை வச்சாக் காணும், அது போதும்' எண்டு. நிண்ட எல்லாரும் சிரிச்சாங்க. தம்பியும் சிரிச்சார்."

நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

சாருஜனைக் கம்பிக்கு அந்தப் பக்கத்தில் பார்த்தோம். இரண்டு நாள் தாடி. எங்களைக் கண்டதும் எழும்பி நின்று சேர்ட் பொத்தானைப் பூட்டினான்.

"பெடலுக்குத் தடி பாவிக்கிறனீரோ?"

"ஓம் அக்கா. ரெண்டு பேர் செய்த வேலை. ஒருத்தன் போயிட்டான், ஒரு தடியை வச்சிருக்கிறன். தடி சண்டை பிடிக்காது."

"நிருஷனில கோவமோ?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "கோவம் இல்லையெண்டு சொன்னா நம்புவீங்களோ? அவனுக்கு ஒரு வினோஜா கிடைச்சா, எனக்கு ஒரு தடி கிடைச்சுது. காலமை எழும்பிக் கதவைத் திறந்தா முன்னால அவன்ர கராஜ்தான் தெரியும். வாகனம் நிக்கிறதை எண்ணாம ஒரு நாளும் தேத்தண்ணி குடிச்சதில்லை. ஆனா அக்கா, மனிசன் இருந்து ஓடுற வாகனம் அது. பிறேக்கில கை வைப்பனோ?"

"தடி எங்க கிடக்கு?"

"கராஜிலதான். கதவுச் சாவி நிலைக்கு மேல கிடக்கு."

ஓட்டோவில் ஏறியதும் நான் சொன்னேன், "அக்கா, பொறாமை எண்டு ஆளே ஒப்புக்கொண்டிட்டான். இனி என்ன?"

"அதனாலதான் யோசிக்கிறன். பொறாமையை வாயால சொல்லுறவன் கையால செய்யமாட்டான். சொல்லாமச் சிரிக்கிறவனைத்தான் பாக்கோணும். நீயும்தான் காலமை தொடக்கம் நிருஷனைத் திட்டுறாய். அவன்ர ஓட்டோக் காத்தைத் திறந்து விட்டனியோ?"

"அவனிட்ட ஓட்டோ இல்லை."

இரணைமடுச் சந்தியில் வெயில் தார் றோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. சாருஜனின் கராஜ் வாசலில் நாய் மட்டும் இருந்தது. எங்களைப் பார்த்து எழும்பக்கூட இல்லை. நிலைக்கு மேலிருந்த சாவியை எடுத்துத் திறந்தோம்; தடி உள்ளே சுவரில் சாத்தியிருந்தது. பாலை மரத்துக் கம்பு. ஒரு நுனியில் பழைய செருப்புத் துண்டு வைத்துத் தைத்திருந்தது, சீற் காயப்படாமல் இருக்க. மற்ற நுனியில் சைக்கிள் ரியூப் கட்டியிருந்தது, பெடலோடு சேர்த்துக் கட்டுவதற்கு.

"இதைப் பார். நிப்பிளைத் திறந்த உடன பெடல் கீழ போகும். சும்மா வச்ச தடி எண்டா அந்த இடத்தில இளகி விழுந்திடும். விழுந்தாப் பெடல் துள்ளி மேல வரும், காத்தை உள்ளுக்கு இழுக்கும். இவன் ரியூப்பால கட்டி வச்சிருக்கிறான், பெடலோட தடியும் சேர்ந்து போகும். தனியாள் எண்டாலும் வேலை தெரிஞ்சவன்."

நான் அளந்தேன். மூன்றடி.

"சீற்றைக் கடைசி வரைக்கும் பின்னுக்குத் தள்ளித்தான் இதை வைப்பான். கருவாட்டு வானில சீற் அசையாது. இந்தத் தடி அந்த வானுக்குள்ள போகாது. போனாலும் செருப்பு வட்டமாப் பதியாது, நடுவில கோடும் போடாது."

"அப்ப சாருஜன் இல்லையோ?"

"இல்லை. உள்ள இருக்கிறவன் செய்யேல்லை."

நேரம் இரண்டே முக்கால். இனி மிச்சம் இருந்தது றோட்டின் மற்றப் பக்கம்தான்.

நிருஷனின் கராஜில் வினோஜா ஒரு மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். ஆனால் எதையும் தொடவில்லை. ஸ்பனர் மடியில் கிடந்தது. நிருஷன் வெள்ளைச் சேர்ட் போட்டு, நாலு மணிக்குப் பொலிசுக்குப் போகத் தயாராக நின்றான். வெள்ளைச் சேர்ட்டிலும் வடிவாகத்தான் இருந்தான். சில பேருக்கு எல்லாம் வாய்க்கும்.

"வாங்கோ அக்கா. டேய் கிருசாந்தன், இந்த வருசமாவது ஒரு ஓட்டம் எடுப்பியோ?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். அங்கே அவனுடைய கிண்ணங்கள் வரிசையாக நின்றன. கீழே விளையாட்டுக் கழகத்தின் பை ஒன்று வாய் திறந்து கிடந்தது.

"ரெண்டு கேள்விதான்," என்றார் அக்கா. "வினோஜா, அண்டைக்கு வேலையை எந்த ஒழுங்கில செய்தனீங்கள்?"

"முதல்ல பிறேக். இவர் பெடலில, நான் சில்லில. நாலு சில்லும் முடிச்சம். பேந்து றேடியேற்றர். எஞ்சினைச் சூடாக்கி எயார் எடுத்தன். அது ஆற ஒரு மணித்தியாலம் விடோணும், ஆறினாப் பிறகு தண்ணி நிரப்பி மூடோணும். அந்த இடைவெளியில இவர் என்னைச் சாமான் வாங்கக் கிளிநொச்சி ரவுணுக்கு அனுப்பினவர். நான் திரும்பி வரேக்க வான் இல்லை."

"ஏன் இல்லை?"

"நானா அவசரம் எண்டு எடுத்துக்கொண்டு போயிட்டாராம்."

"அப்பிடி ஆர் சொன்னது?"

வினோஜா புருசனைப் பார்த்தாள். நிருஷன் சிரித்தான். "ஓம் அக்கா, மனிசன் காலில சுடுதண்ணி ஊத்தின மாதிரி நிண்டார்."

"அவர் வினோஜாவுக்காகக் காத்துக்கொண்டு இருந்தவர். எலுமிச்சங்காய் வேண்டாம் எண்டு சாவியைக் குடுத்தது நீர். நானா இப்பவும் பொலிசிலதான் இருக்கிறார், கேட்டுப் பாப்பமோ?"

சிரிப்பு அப்படியே நின்றது. வினோஜா எழும்பினாள்.

அந்த நேரத்தில்தான் என் கண் பைக்குள் போனது. மூன்று விக்கெற் பொல்லுகள், கழகத்து நிறமான பச்சை அடித்தவை, தலையை வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன. வட்டமான தலை. மேலே சின்னக் கட்டைகள் இருப்பதற்காகத் தலையின் நடுவே வெட்டிய ஒரு பள்ளம். வட்டத்துக்குள் ஒரு கோடு! அந்தத் தலை புழுதியில் கிடப்பதை நான் மூன்று தடவை நின்று பார்த்தவன். உலகத்தில் வேறு யாருக்கும் அதை என்னளவுக்கு நெருக்கமாகத் தெரிந்திருக்காது.

"அக்கா," என்றேன்.

நடுப் பொல்லை உருவினேன். மற்ற இரண்டும் நுனி வரைக்கும் பச்சை. இதன் கூர் நுனியில் மட்டும் பச்சை உரிந்து மரம் தெரிந்தது. பொல்லின் நீளம் இரண்டேகால் அடியும் ஒரு விரலும்.

"பிறேக் ஒயில் பட்டா பெயின்ற் உரியும்," என்றார் அக்கா மெதுவாக. "நிருஷன், கிரிக்கெற் மைதானத்தில பிறேக் ஒயில் ஊத்துறவையோ?"

நிருஷன் சீமெந்துத் திண்ணையில் குந்தினான், வெள்ளைச் சேர்ட்டையும் பாராமல்.

"அவள் ரவுணுக்குப் போன உடன நாலு சில்லையும் திறந்தன்," என்றான். "அவள் எடுத்ததை விட்டிட்டு, முதல்ல இருந்து நானே எடுப்பம் எண்டு. நானா வந்து மிதிச்சுப் பாத்திட்டு 'நல்லாயிருக்கு' எண்டு சொன்னா, 'உது நான் செய்தது நானா' எண்டு சொல்லலாம் எண்டு. அவ்வளவுதான் அக்கா. வேற ஒண்டும் இல்லை."

"பெடலுக்கு ஆளில்லை."

"பொல்லை வச்சன். திறந்த உடன விழுந்திட்டுது. திரும்ப வச்சன், திரும்ப விழுந்தது. கடைசியில பெடல் மெத்தெண்டு இருந்தது. ரெண்டு தரம் மிதிச்சாப் பிடிச்சுது. காணும் எண்டு நினைச்சன்." அவன் வினோஜாவைப் பார்க்காமல் தொடர்ந்தான். "இந்தத் தொழிலை இவளுக்குப் பழக்கினது நான். ஆறு மாசத்துக்கு முதல் இவளுக்கு ஸ்பனரின்ர அளவு தெரியாது. இப்ப வாற ஆளெல்லாம் 'தங்கச்சி நிக்கிறாவோ' எண்டுதான் கேக்கினம். இவள் 'அமத்து' எண்டா நான் அமத்தோணும், 'விடு' எண்டா விடோணும். என்ர கராஜில, என்ர பேர் போட்ட பலகைக்குக் கீழ. எல்லாரும் சிரிக்கேக்க நானும் சிரிச்சுக்கொண்டுதான் இருந்தன்."

"சாருஜன்ர பேரை ஏன் இழுத்தீர்?"

"என்ர கை பிழை எண்டு சொல்ல வெக்கமா இருந்தது. அவனைச் சொன்னா ஊர் கேள்வி கேக்காது எண்டு தெரியும்."

ஊர் முழுவதும் பொறாமையை றோட்டுக்கு அந்தப் பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தது. அது இந்தப் பக்கத்தில், ஒரே கூரையின் கீழே, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது. நானும் காலையிலிருந்து சரியான ஆளைத்தான் சொன்னேன். ஆனால் அதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் நினைத்த நிருஷன் வேறு, முன்னால் குந்தியிருந்தவன் வேறு. நன்றியெல்லாம் அக்காவுக்கும் ஓட்டோக் கூலி எனக்குமாகப் போகும் நாட்களில் என் வயிற்றில் எரியும் அதே நெருப்புத்தான் இவனுக்குள்ளும் இருந்தது.

வினோஜா சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கைகளையும் விரித்து முன்னால் பிடித்தாள்.

"ரெண்டு இரவு நான் இந்தக் கையைப் பாத்துக்கொண்டு கிடந்தனான்," என்றாள். "எந்தச் சில்லில பிழை விட்டன், எந்த நிப்பிளை இறுக்கேல்லை எண்டு ஒவ்வொண்டா நினைச்சு நினைச்சு அழுதனான். நீங்கள் பக்கத்தில கிடந்து, 'அழாத, உது சாருஜன்ர வேலை' எண்டு என்ர தலையைத் தடவினனீங்கள்."

நிருஷன் அவளுடைய கையைப் பிடிக்கப் போனான். அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டு தடவினனீங்கள்," என்றாள் திரும்ப. பிறகு சுவரில் கொழுவியிருந்த ஸ்பனர்களின் நடுவிலிருந்து தன் கைப்பையை எடுத்தாள். "எழும்புங்கோ. மூண்டு மணி தாண்டிட்டுது. சாருஜன் அண்ணையை நாலு மணிக்குக் கொண்டுபோகப் போறாங்கள்."

ஓட்டோவின் பின்சீற்றில் மூன்று பேர் இருந்தார்கள், நடுவில் அக்கா. என் வாழ்நாளில் ஒரு பகிடியும் விடாமல் கிளிநொச்சி வரைக்கும் ஓட்டியது அன்றைக்குத்தான்.

மூன்றரைக்கு நிருஷன் வாக்குமூலம் கொடுத்தான். கச்சு முகம்மது பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியதைப் படிக்கக் கேட்டார். கேட்டு முடிந்ததும் பேனையை மேசையில் வைத்தார்.

"நான் பகிடிக்குத்தானே சொன்ன," என்றார். "தம்பி, பகிடிக்குத்தானே." கொலை முயற்சி என்ற தாளில் அவர் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் பொலிசுக்குப் பொய் சொன்னதும், வேலையில் கவனமில்லாமல் ஒரு மனிசனின் கையை முறித்ததும் அவருடைய கையெழுத்தோடு முடிகிற விசயங்கள் அல்ல. நிருஷனைச் சாருஜன் இருந்த அறைக்குள் போகச் சொன்னார்கள்.

சாருஜன் வெளியே வந்தான். வினோஜா அவனிடம் ஏதோ மெதுவாகக் கேட்டாள், அவன் தலையாட்டினான். எதிரே வந்த நிருஷனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நிருஷன் உள்வாசலில் நின்று திரும்பினான்.

"வினோஜா, கராஜை ஆர் பாக்கிறது?"

"நான்."

"பெடலுக்கு?"

அவள் சாருஜனைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் கேட்கப் பயமாக இருந்தது.

"சாருஜன் அண்ணையிட்ட தடியைக் கேட்டிருக்கிறன். தாறன் எண்டவர். ரியூப் கட்டின தடி. விழாது."

அப்போது நிருஷனின் முகத்தில் வந்ததை எனக்குத் தெரியும். காலையில் கண்ணாடியில் பார்த்த என் முகம். மனிசன் ஒரு தடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அவன் உள்ளே இரண்டடி வைத்த பிறகுதான் அவள் மிச்சத்தைச் சொன்னாள், அவனுக்குக் கேட்கிறதா இல்லையா என்று பாராமல்.

"நீங்கள் வருமட்டும்தான்."